மந்திரி கேட்காத கேள்வி

டங்... கர்ர்ர்... டங்.

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து அரண்மனைப் படிக்கட்டில் இப்படி ஒரு சத்தம்.

ராசாவுக்குக் கோபம் வந்தால் ஊருக்கே காய்ச்சல் வருகிற ஒரு காலத்தில், செந்தோட்ட நாட்டை விசயகேது என்ற ராசா ஆண்டுகொண்டிருந்தான். சத்தம் காதில் விழுந்ததும் அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். பால் செம்புக்குள் தலை மாட்டிக்கொண்ட பூனை ஒன்று படிப்படியாக உருண்டு இறங்கியது, அவ்வளவுதான். ராசா ஒளிந்ததைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவன், பக்கத்தில் படுத்திருந்த குட்டி இளவரசன். இன்னொருவர், ராசாவுக்குக் கால் பிடித்துவிட்டுக் கதை சொல்லும் குழைக்காதர். மந்திரி பதவி தனக்குக் கிடைக்கவில்லையே என்று புழுங்கிக்கொண்டிருந்தவர்.

வாரம் முடிவதற்குள் கிணற்றடியில், சந்தையில் எல்லாம் பூனையும் கட்டிலும்தான் பேச்சு.

"என்னைப் பார்த்து யார் சிரித்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்," என்று குதித்தான் ராசா.

"பெரியவங்களைக் கேட்டா வாயைத் திறக்க மாட்டாங்க, மகாராசா," என்றார் குழைக்காதர். "பிள்ளைகளைக் கேட்போம். பிள்ளைங்க வாயில பொய் வராது."

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடம் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் வாசல் மணியைத் தொட்டு, "இன்று பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குழைக்காதர் ஒரு தட்டு அதிரசத்தோடு அந்த மணிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பிள்ளைகள் மணியைத் தொட்டதும் தேனாகக் கேட்டார்.

"உங்க வீட்டுல யாரு கண்ணு ராசாவைப் பத்திச் சிரிச்சா?"

"யாரும் இல்லை," என்றது ஒன்று. "யாரும் இல்லை," என்றது அடுத்தது. வஞ்சி என்ற சின்னப் பெண்ணுக்கு மட்டும் மணியில் வைத்த கை கூசியது.

"எங்க அம்மா சிரிச்சாங்க. அவல் இடிக்கும்போது, உலக்கையைக் கீழே போட்டுட்டுச் சிரிச்சாங்க."

குழைக்காதர் அவள் கையில் ஓர் அதிரசத்தை வைத்தார். உச்சிவேளைக்குள் அவள் அம்மா செங்கமலத்தைக் காவலர்கள் பிடித்துப் போய்விட்டார்கள். மறுநாள் நாட்டு எல்லைக்கு வெளியே துரத்துவதாகத் தீர்ப்பு. பிள்ளை கூடப் போகக்கூடாதாம்.

இந்த அநியாயத்தைக் கேளுங்கள். சிரித்தது ஊர் முழுக்க. தண்டனை, உண்மை பேசிய பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும். மணியைத் தொட்டுவிட்டுப் பொய் சொன்ன பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் வீட்டில் நிம்மதியாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.

வஞ்சி கடிக்காத அதிரசத்தோடு மந்திரி திருமேனியின் வீட்டுக்கு ஓடினாள்.

"மந்திரி ஐயா, உண்மை சொன்னது தப்பா?"

"தப்பில்லைம்மா."

"அப்போ எங்க அம்மா சிரிச்சது தப்பா?"

"அதுவும் தப்பில்லை."

"அப்போ எங்க அம்மாவை ஏன் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க?"

ராச்சியத்துக்கே யோசனை சொல்கிற மனிதர், "எனக்குத் தெரியலைம்மா. தெரிஞ்சவங்களை நாளைக்குச் சபையில வச்சுக் கேட்போம்," என்றார்.

மறுநாள் சபை கூடியது. செங்கமலம் காவலர்களுக்கு நடுவே நின்றாள், வஞ்சி ஒரு தூணோரமாக. ஒரு கையில் இளவரசன், இன்னொரு கையில் குழைக்காதரின் மகன் அம்பலம் என்று பிடித்துக்கொண்டு வந்தார் திருமேனி. பின்னால் ஒரு சேவகன் பள்ளிக்கூட மணியைத் தூக்கி வந்தான்.

"என்ன ஓய் இது, சபையா, பள்ளிக்கூடமா?" என்றான் ராசா.

"குழைக்காதர் கண்டுபிடிச்சது நல்ல வழி, மகாராசா. ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டாச்சு. நம்ம பிள்ளைகளையும் கேட்டுட்டா விசாரணை முழுசாகும்." திருமேனி குனிந்தார். "இளவரசே, மணியைத் தொடுங்க. அன்னைக்கு ராத்திரி..."

"இரும், ஓய், இரும்." ராசா சிம்மாசனத்திலிருந்து பாதி எழுந்துவிட்டான். "அவன் குழந்தை. இத்தனை பேருக்கு நடுவிலா வீட்டு விஷயத்தைக் கேட்பது?"

"சரி, இளவரசர் வேண்டாம். தம்பி அம்பலம், நீ வா."

குழைக்காதர் குறுக்கே பாய்ந்தார். "இவன் பொடிப்பயல், மகாராசா. விளையாட்டு எது, நிஜம் எதுன்னு தெரியாது. வீட்டுல நான் சும்மா கட்டிலுக்கடியில புகுந்து காட்டினதைப் போய் இவன் பெரிசா..."

சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"நான் இன்னும் எதையுமே கேட்கலையே," என்றார் திருமேனி. "கேட்கப்போறதும் இல்லை. போங்கப்பா, ரெண்டு பேரும் போய் விளையாடுங்க."

பையன்கள் ஓடினார்கள். திருமேனியின் குரல் மாறியது.

"உங்க பிள்ளைன்னா வீட்டு விஷயம், மகாராசா. இவர் பிள்ளைன்னா பொடிப்பயல். அவல் இடிக்கிறவ பிள்ளை மட்டும் சாட்சியா? பொய் சொல்லாதேன்னு வளர்த்த அம்மாவை, அவ வளர்த்த பிள்ளையை வச்சே பிடிச்சிருக்கோம். நாளைக்கு எந்த அம்மா உண்மை பேசுன்னு சொல்லிக்கொடுப்பா? இந்தப் பொண்ணு என்கிட்டே கேட்டா, எனக்குப் பதில் தெரியலை. நீங்க சொல்லுங்க."

ராசாவுக்குக் காது மடல் சிவந்தது. பிறகு, "குழைக்காதரே, வீட்டில் செய்து காட்டியதை இங்கேயும் செய்து காட்டும்," என்றான்.

குழைக்காதர் சிம்மாசனத்துக்கு அடியில் தவழ்ந்து புகுந்தார். சபை குலுங்கிச் சிரித்தது. யாரையும் யாரும் பிடிக்கவில்லை. அன்று முதல் அரண்மனைப் பூனைகளுக்குப் பால் ஊற்றுவது அவர் உத்தியோகமானது. மந்திரிக்கு முத்துமாலை. செங்கமலத்துக்கு விடுதலை. வீட்டுப் பேச்சை இனி எவனும் பிள்ளைகளிடம் கேட்கக்கூடாது என்று பறை அறைந்தார்கள்.

ஆனாலும் ராசா ராசாதானே. சாயங்காலம் தானே பட்டுப்புடவையோடு செங்கமலத்தின் வாசலுக்கு வந்தான். "மனசுல வச்சுக்காதேம்மா," என்று கொடுத்தான். திரும்பப் போனவன் நின்று, வஞ்சியிடம் குனிந்தான்.

"அது சரி குட்டி, உங்க அம்மா இப்போ என்னைப் பத்தி என்ன சொல்றாங்க?"

செங்கமலம் மகளுக்குக் கண்ணைக் காட்டக்கூடத் துணியவில்லை.

வஞ்சி ராசாவை நிமிர்ந்து பார்த்தாள். "பொய் சொல்ல மாட்டேன், ராசா. அதையும் சொல்ல மாட்டேன்."

பிறகு இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தினாள். நுனிக்காலில் எக்கி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.