எந்த நிமிஷத்திலிருந்து?

கடலோர ஊர் ஒன்றின் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குப் பொறுப்பு டாக்டர் இசக்கியப்பன். சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரர். யார் குத்தினாலும் நரம்பு கிடைக்காத கையில் அவருக்கு மட்டும் முதல் குத்திலேயே கிடைத்துவிடும்.

தீவிர சிகிச்சையை அவர் கற்றுக்கொண்டது டாக்டர் பெர்பெத்துவாவிடம். அந்த அம்மா அவரைவிட வயதில் இளையவர். அதனால் என்ன, கற்றுக்கொடுத்தவர் கற்றுக்கொடுத்தவர்தானே. மண்டை குழம்பினால் இசக்கியப்பன் படியேறி மேல்மாடியில் அந்த அம்மாவின் அறைக்குப் போய்விடுவார்.

அன்று மத்தியானமும் போனார்.

"மேடம், சாயங்காலம் மீட்டிங். ஒரு விஷயத்துல நான் முடிவு சொல்லியாகணும்."

"சொல்லுங்க."

"செப்சிஸ் கேஸ்னா ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் மருந்து ஏறணும்னு வச்சிருக்கோம். அந்த ஒரு மணி நேரத்தை எப்ப இருந்து எண்றது?"

எங்கோ ஒரு புண்ணிலோ மூத்திரப் பையிலோ ஆரம்பித்த கிருமி, உடம்பு முழுக்கக் கலவரம் மூட்டி, இதயம், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகச் சாய்க்கிற நிலைக்குத்தான் செப்சிஸ் என்று பேர். மருந்து பிந்தினால் ஆள் மிஞ்சுவது கஷ்டம்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க மேடம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததிலிருந்துங்கிறாங்க. படுக்கை கொடுத்ததிலிருந்துங்கிறாங்க. எங்க பிரிவுல, டாக்டர் கேஸ் ஷீட்ல 'செப்சிஸ்'னு எழுதினதிலிருந்து எண்றோம். ஆறு மாசமா ஒண்ணுகூடத் தவறல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட." சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் குரல் இறங்கியது. "ஆனா சாவு மட்டும் குறையல. அதுதான் பிடிபடல."

பெர்பெத்துவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூச்சு அடக்குவீங்களா, டாக்டர்?"

"என்ன மேடம்?"

"மூச்சு. எவ்வளவு நேரம் தாங்கும்?"

"சின்ன வயசுல கடல்லயே முங்கிக் கிடந்தவன் நான். ஒரு நிமிஷம் தாராளமா."

"எங்க, அடக்குங்க பார்ப்போம்."

இசக்கியப்பன் சிரித்துக்கொண்டே நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினார்.

பெர்பெத்துவா எழுந்து கதவருகே போய், வெளியே நின்ற நர்ஸிடம் யாருக்கோ குளுக்கோஸ் மாற்றச் சொன்னார். திரும்பி வந்தார். கைக்கடிகாரத்தைத் தேடினார். அது ஃபைலுக்கு அடியில் கிடந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். இசக்கியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. போதும் போதும் என்று கையை ஆட்டினார்.

"இருங்க, இருங்க," என்றார் பெர்பெத்துவா. பேனா மூடியைத் திறந்து, ஒரு தாளை இழுத்து, நிதானமாக ஏதோ எழுதினார். "ம், இப்ப ஆரம்பிக்கலாம்."

இசக்கியப்பன் வாயைப் பிளந்து மூச்சை விட்டார்.

"என்ன டாக்டர் இது? ஆரம்பிச்ச உடனே விட்டுட்டீங்க."

"ஐயோ, நான் எப்பவோ அடக்கிட்டேனே மேடம்!"

"அப்படியா? நான் இப்பதானே எழுதினேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். பெர்பெத்துவா சிரிக்கவில்லை.

"கீழே இப்ப யாராவது இருக்காங்களா?"

"ஒரு அம்மா இருக்காங்க. பேச்சித்தாய்னு பேரு, உப்பளத்துல வேலை. சுகர் உண்டு. குளிரும் காய்ச்சலுமா வந்தாங்க. இந்தம்மா சரியில்ல சார்னு ஜெயராணி சிஸ்டர் பார்த்த உடனேயே சொல்லிட்டாங்க."

"உங்களுக்கு என்ன தோணிச்சு?"

"செப்சிஸ்தான். சந்தேகமே இல்ல."

"எழுதியாச்சா?"

"இன்னும் இல்ல. மருந்து வந்து சேரட்டும், ஊசியைக் கையில வச்சுக்கிட்டு எழுதிக்கலாம்னு விட்டிருக்கேன். எங்க பிரிவுல அதுதான் வழக்கம். அப்பதான் நேரம் தவறாது."

"மருந்து ஏன் வரல?"

"சாதாரணச் சீட்டுதானே போயிருக்கு. மெதுவாத்தான் வரும். அவசரச் சீட்டு போடணும்னா கேஸ் ஷீட்ல நோய் பேரை எழுதி..."

தான் எழுதாததால்தான் மருந்து வரவில்லை என்பது இசக்கியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பெர்பெத்துவா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். இசக்கியப்பன் அதற்குள் படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

அவசரப் பிரிவு வாசலிலேயே பேச்சித்தாயின் புருஷன் தங்கப்பழம் மறித்துக்கொண்டார்.

"டாக்டரே, இவ என்னைய யாருங்கா. கட்டுன நாளுலேர்ந்து எனக்குச் சோறு பொங்கிப் போட்டவ. நீரு யாருன்னு கேக்கா டாக்டரே." அவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

பேச்சித்தாயின் கை சில்லிட்டிருந்தது. ரத்த அழுத்தம் கீழே கிடந்தது. இசக்கியப்பன் நின்ற நிலையிலேயே எழுதினார். ஜெயராணி மருந்துக்கு ஓடினார். ரத்தம் எடுத்தார்கள், இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள், மருந்து வந்து ஏறியது. எழுதிய நேரத்திலிருந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. அதை நினைத்தபோது இசக்கியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பேச்சித்தாயை மேலே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் இசக்கியப்பன் அவள் கட்டிலருகே நின்றார். ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த மருந்து ஓடிக்கொண்டிருந்தது. பிழைப்பாள் என்று சொல்ல முடியாது. பிழைக்கமாட்டாள் என்றும் சொல்ல முடியாது. பெர்பெத்துவா சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், டாக்டருக்குத் தெரிஞ்ச நேரத்திலிருந்து எண்ணலாமா?"

"தெரிஞ்சதை யார் பார்த்தா?"

இசக்கியப்பன் யோசித்தார். "யாரும் பார்க்க முடியாது. எனக்குத் தெரியலன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். நானே சொல்லியிருப்பேன்."

பெர்பெத்துவா பையில் சேர்ந்த அளவைக் குறித்துக்கொண்டார்.

"அப்ப வாசல்ல நுழைஞ்சதிலிருந்துதான் எண்ணணும். ஆனா அதுவும் அநியாயம் மேடம். நுழையும்போது எல்லாரும் ஒண்ணுபோலத்தான் இருக்காங்க. காய்ச்சல்னு வர்ற அத்தனை பேருக்கும் பெரிய மருந்தைப் போட முடியுமா?"

"போடச் சொன்னது யாரு? நீங்க கடிகாரத்தைத்தானே கேட்டீங்க, மருந்தை இல்லையே."

கீழே இருந்து போன் வந்தது. எல்லாரும் வந்துவிட்டார்கள், டாக்டர்தான் பாக்கி என்றார்கள். இதோ வர்றேன் என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே நின்றார்.

"வாசலிலிருந்து எண்ணினா இந்தம்மா கேஸ் தோல்விதான் மேடம்."

"ம்."

"போன ஆறு மாசத்தையும் திருப்பி எண்ணச் சொல்வாங்க. பாதிக்கு மேல தோத்துடும். ஒண்ணுகூடத் தவறலன்னு போன மாசம்தான் எனக்குப் பொன்னாடை போட்டாங்க. அதே ரூம்ல, அதே ஆளுங்க முன்னாடி போய் நின்னு, நாங்க ஜெயிக்கவே இல்ல, எண்ணினதுதான் தப்புன்னு எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது? என் பிரிவுல வேலை பார்க்கிற பிள்ளைங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பெர்பெத்துவா பேச்சித்தாயின் விரல் நுனியை அழுத்திப் பிடித்து விட்டார். வெளுத்த நகத்தில் ரத்தம் மெதுவாக ஊறி வந்தது. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரவேண்டும். மறுபடி அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார்.

"தோத்துட்டு வாங்க," என்றார். "நான் இந்தம்மாகூட இருக்கேன்."