மாப்பிள்ளை விரலில் மாட்டிய சீவாளி

கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வாசிக்க முதல்நாள் இரவே வந்த சட்டநாத வித்வானை, மாப்பிள்ளை சிங்காருவும் அவன் அண்ணன்மார் இருவரும் வரவேற்ற அழகே அழகு. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து கட்டிப்பிடித்ததில் வித்வானின் மூக்குக்கண்ணாடியும் போச்சு, சட்டைப்பையிலிருந்த சீவாளி அத்தனையும் நொறுங்கிப் போச்சு. வாயில் வைத்து ஊத சீவாளி இல்லையென்றால் நாதஸ்வரம் வெறும் மரக்குழாய்தானே!

பெண்ணின் அப்பா ஒரே போடாகப் போட்டார். "நாதஸ்வரம் ஒலிக்கலேன்னா எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறாது."

சிங்காரு ஓடிப்போய் வித்வான் காலில் விழுந்தான். பாவம், மணப்பெண் தேவானை மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை.

வித்வான் மூன்று நாணல் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். "எனக்குக் கண்ணு தெரியலை, சீவாளியை நீங்கதான் செய்யணும். மேல்தோல்ல கை படக்கூடாது. உள்பக்கம் சுரண்டுங்க, வெளிச்சம் தெரியணும். நூலைச் சுத்திட்டு, முடிச்சுப் போடறதுக்கு முந்தி ஊதிப் பாருங்க. சத்தம் வந்தாத்தான் முடிச்சு."

சிங்காரு பயபக்தியோடு தலையாட்டினான். ஆனால் மேல்தோலில் கை படாமல் எப்படிப் பிடிப்பது?

"உள்ளே விரலை விட்டுப் பிடிடா தம்பி" என்றான் பெரியண்ணன் கோணையன். சிங்காரு சுண்டுவிரலை விட்டான். போன விரல் எவ்வளவு திருகியும் திரும்பி வரவில்லை.

"விரல் இருக்கிற இடத்துல கத்தி எப்படிண்ணே போகும்?" என்று கேட்டான் சின்னண்ணன் தொப்ளான்.

கோணையன் கத்தியைத் தீட்டினான். "முதல்ல விரலைச் சுரண்டிடுவோம்."

சிங்காரு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

கை படக்கூடாது என்றுதானே சொன்னார்? கோணையன் இரண்டாவது துண்டைக் கால்விரல்களால் இடுக்கிக்கொண்டு சுரண்டினான், வெளிச்சம் தெரியும்வரை சுரண்டினான். கடைசியில் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது, நாணலைக் காணோம். தொப்ளானுக்குப் பொறுமை கிடையாது. மூன்றாவது துண்டை விளக்கில் காட்டினான். அதுவும் நல்ல வெளிச்சமாகவே எரிந்தது.

முகூர்த்த நேரம் வந்துவிட்டது. கோணையன் வித்வானிடம் வெறுங்கையை நீட்டினான். தொப்ளான் ஒரு பிடி சாம்பலை நீட்டினான். சிங்காரு விரலை நீட்டினான், கண்ணில் தண்ணீரோடு.

வித்வான் விளக்கெண்ணெயை ஊற்றி ஓர் இழுப்பு இழுத்தார். பளக்கென்று வந்தது நாணல். விடிய விடிய விரல் போட்ட ஆட்டத்தில் உள்பக்கம் தானாகவே மெலிந்து பதமாகியிருந்தது! தடவித் தடவியே நசுக்கி, நூல் கட்டி ஊதினார். அப்பாடா, பந்தலே அதிர்ந்தது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

சிங்காரு தாலியைத் தேவானை கழுத்தில் வைத்தான். முடிச்சுப் போடப் போனவன் சட்டென்று நின்றுவிட்டான். குனிந்து, அவள் பிடரியில் ஃபூவென்று ஊதினான்.

மேளம் நின்றது. தேவானை குனிந்த தலை நிமிரவில்லை.

"சத்தம் வரலையேண்ணே" என்றான் சிங்காரு.

"கொஞ்சம் ஈரம் பண்ணிட்டு ஊது" என்றான் தொப்ளான்.

சிங்காரு பன்னீர்ச் சொம்பிலிருந்து நாலு சொட்டுத் தெளித்து, மூச்சை இழுத்துப் பிடித்து இன்னொரு தரம் ஊதினான். தேவானைக்குக் கூச்சம் தாங்கவில்லை. கீச்சென்று கத்திக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கோணையன் காதைச் சாய்த்துக் கேட்டான். "சுருதி அரைக்கட்டை தூக்கலா இருக்கு. புதுசில்லையா, ஊத ஊதச் சரியாயிடும். போடுடா முடிச்சை."