தூக்கணாங்குருவியின் பாதிக் கூடு

அந்தக் காலத்தில் பறவைகளும் மரங்களும் ஒரே பேச்சைத்தான் பேசின. ஒன்று சொன்னது மற்றொன்றுக்கு நன்றாக விளங்கும். காது கொடுத்துக் கேட்கத்தான் யாருக்கும் பொறுமை இருக்காது. அந்த விஷயத்தில் காலம் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

ஒரு பாழுங்கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் கொன்றையன் என்றொரு தூக்கணாங்குருவி இருந்தான். தலையும் மார்பும் கொன்றைப்பூ மஞ்சள். அவன் மனைவி பெயர் சாமை. ஆடி பிறந்ததும் அவர்கள் இருவருக்குமாக அவன் ஒரு கூடு கட்டினான். கிணற்றுத் தண்ணீருக்கு நேர் மேலே, மட்டையின் நுனியில் அது தொங்கியது. பாம்பு அவ்வளவு தூரம் ஊர்ந்து வந்தால் மட்டை வளைந்து, பாம்புதான் தண்ணீரில் விழும். அந்த மரத்திலேயே முட்டைக்குப் பத்திரமான இடம் அது ஒன்றுதான்.

சாமை உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். "எலி வளையானாலும் தனி வளைன்னு சொல்லுவாங்க. இது நல்லாவே இருக்குங்க. மழைக்கு முன்னால முட்டை வச்சிடறேன்."

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பனைமரம் இருந்தது. அதில் வேறொரு குருவி கட்டிய கூட்டில் வாசல் குழாய் ஒரு சாண் கூடுதல் நீளம். கொன்றையன் அதைப் பார்த்தான். பார்த்ததோடு விட்டானா? திரும்பித் தன் கூட்டையும் பார்த்தான். அதுவரை நன்றாக இருந்த கூடு அந்த நிமிஷமே பழசாகிவிட்டது.

"ஏ புள்ள, இதுல முட்டை வைக்காத. நாலு பேரு பாத்தா சிரிப்பாங்க."

"யாருங்க அந்த நாலு பேரு?"

அந்த நாலு பேரை இன்றுவரை யாரும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் அவர்களுக்காகத்தான் அவன் இரண்டாவது கூடு கட்டினான்.

பனைமரத்துக் குருவி களிமண் அப்பி அதில் மின்மினியைப் பதித்து விளக்கு வைத்தது. உடனே இவன் மூன்றாவது கூடு கட்டி இரண்டு விளக்கு வைத்தான். இரண்டு விளக்கு வைத்த கூட்டுக்கு அந்த வாசல் சின்னதாகத் தெரியவே நாலாவது கூடு. அப்புறம் அஞ்சு, ஆறு. ஒவ்வொன்றையும் கட்டி முடித்த அன்று ஒரு பொழுது சந்தோஷமாக இருப்பான். மறுநாள் காலையில் அவன் கண் பனைமரத்துப் பக்கம் போய்விடும்.

தூக்கணாங்குருவிக்குப் பச்சை நார்தான் வேண்டும். ஒருமுறை பின்னிக் காய்ந்த நாரைப் பிரித்தால் ஒடிந்துபோகும், மறுபடி பின்ன வராது. அதனால் ஒவ்வொரு கூட்டுக்கும் புதிதாகக் கிழித்தான். கிணற்றடி நாணல் போயிற்று. வரப்புப் புல் போயிற்று. தான் குடியிருந்த மரத்தையும் விட்டுவைக்கவில்லை.

"டேய், என் ஓலையெல்லாம் ஈர்க்கு ஈர்க்கா நிக்குது. கீழ நிழலே விழல, பாரு" என்றது ஈச்சமரம்.

"இதான் கடைசிக் கூடு. இதோட சரி" என்றான் கொன்றையன். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னான். பொய் சொல்லவில்லை பாவம், ஒவ்வொரு தடவையும் அதை நம்பித்தான் சொன்னான்.

முன்பெல்லாம் இருவரும் சேர்ந்து போய்ப் புல்விதை கொத்துவார்கள். இப்போது அவன் விடியும்போது போனால் பொழுது சாயும்போது ஒரே ஒரு நாரோடு வருவான். களைப்பில் ஒரு வார்த்தை பேச மாட்டான். ஆறு கூடுகள் தொங்கிய மரத்தில் சாமை ஒரு மட்டை இடுக்கில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறி இறங்கும்வரை அவளோடு பேச ஒருவரும் இல்லை. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

"இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசைப்படாதீங்க" என்றாள் ஒருநாள். இறக்கை உள்ளவனிடமே இதைச் சொல்ல வேண்டி வந்தது. "எனக்கு வயிறு கனக்குது. இனிமே தள்ளிப்போட முடியாது."

"ஏழாவது கூட்டப் பாரு புள்ள, அசந்து போவ. கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு, கரும்புத் தோகை தேடி மூன்று ஊர் தாண்டிப் போனான்; அன்று இரவு திரும்பவில்லை. பக்கத்தில்தான் கிழிக்க ஒன்றும் மிச்சமில்லையே.

அவள் பொறுப்பாள், முட்டை பொறுக்குமா? சாமை அந்த முதல் கூட்டுக்குள் போனாள். நாளுக்கு ஒன்றாக மூன்று நாளில் மூன்று முட்டை இட்டாள். சின்னச் சின்ன வெள்ளை முட்டைகள். அவன் வந்தால் காட்ட வேண்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு அடைகாத்தாள். நாலாம் நாள் உச்சிவெயிலில் பசியும் தாகமும் பொறுக்க முடியாமல் வாய்க்கால் பக்கம் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போக, கொன்றையன் இந்தப் பக்கம் வந்தான். அலகு நிறையப் பச்சை நார். ஏழாவது கூடு பனைமரத்துக்காரன் கண்ணில் படும்படி தொங்க வேண்டும். அதற்கு மட்டை நுனிதான் இடம். அங்கே முதல் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. போய் அதன் காம்பில் அலகை வைத்தான்.

ஈச்சமரம் பதறியது. "டேய், டேய், நில்லுடா. உள்ள..."

"உள்ள என்ன இருக்கப் போவுது? பழசுதானே" என்று சொல்லி, எட்டிக்கூடப் பார்க்காமல் காம்பை அறுத்துவிட்டான்.

கூடு கிணற்றில் விழுந்து கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாசல் வழியே வெள்ளையாக ஒன்று நழுவித் தண்ணீருக்குள் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. அவன் அலகிலிருந்த நார் எல்லாம் கீழே விழுந்தது.

சாமை திரும்பி வந்தாள். கூடு இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. கிணற்றின் மேல் மூன்று முறை சுற்றினாள்.

"அதுலதான் வச்சிருந்தேன்."

"எனக்குத் தெரியாது புள்ள. சத்தியமா தெரியாது."

"எப்படித் தெரியும்? கேட்டிருந்தாத்தானே தெரியும். இத்தன கூடு கட்டினீங்களே, உனக்கு இது வேணுமான்னு ஒரு தடவ கேட்டீங்களா?"

சாமை பறந்து போனாள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவாள் என்று இருந்தான். ஐப்பசி பிறந்தும் அவள் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மீதி ஐந்து கூடுகளும் நனைந்து ஆடின. ஒன்றில் போய் உட்காருவான். இருப்புக் கொள்ளாது. அடுத்ததற்குப் போவான். அங்கேயும் அதே வெறுமைதான். விளக்குக்கு வைத்த மின்மினிகள் எப்போதோ செத்துக் காய்ந்திருந்தன. ஐந்து வீட்டுக்காரனை 'சாப்பிட்டியா' என்று கேட்க ஓர் ஆள் இல்லை. அந்தத் தனிமையை அவனுக்கு யாரும் செய்துவிடவில்லை, அவனே நார் நாராகப் பின்னிக்கொண்டான்.

ஒருநாள் நனைந்து நடுங்கிக்கொண்டு இரண்டு சில்லைக் குருவிகள் வந்தன. தினை தின்று திரியும் சின்னப் பறவைகள், அவ்வளவு நன்றாகக் கூடு கட்டத் தெரியாது.

"அண்ணே, அந்தக் கூட்டுல யாரு இருக்கா?" என்றது பெண் சில்லை.

"யாரும் இல்ல."

"பழசாண்ணே?"

கொன்றையன் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தான். பிறகு, "பழசெல்லாம் இல்லம்மா. ஒழுகாது. இருந்துக்குங்க" என்றான்.

சில்லைகள் அதில் குஞ்சு பொரித்தன. குஞ்சுகள் கத்தும்போதெல்லாம் கொன்றையன் வெளி மட்டையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அவன் குஞ்சுகள் இல்லைதான். கேட்டுக்கொண்டிருந்தால் நெஞ்சு வலித்தது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

அடுத்த ஆடியில் ஒரு கூடு தொடங்கினான். வளையம் போட்டு, மேல்கூரை பின்னினான். பாதியில் நின்றுவிட்டான். அதற்குமேல் அலகு ஓடவில்லை. இறக்கையை அடித்துக்கொண்டு, "வா, வந்து பாரு. வேணுமான்னு சொல்லு" என்று கத்தினான். ஒருத்தி வந்தாள். ஓடி வந்து முகத்தைப் பார்த்தான். சாமை இல்லை. அவள் வளையத்தில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவன் அந்தக் கூட்டை அறுக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை. அடுத்த மட்டைக்குப் போய் அங்கேயும் பாதி கட்டி, அங்கிருந்தும் கூப்பிட்டான். சுற்றியிருந்த குருவிகளுக்கெல்லாம் நடந்தது தெரியும். அவையும் பாதியில் நிறுத்திக் கேட்கக் கற்றுக்கொண்டன.

பெண் குருவி வந்து பார்த்து, வேண்டும் என்று சொன்ன பிறகே தூக்கணாங்குருவி மீதிக் கூட்டைப் பின்னுவதும், விட்டுப்போன கூடுகளில் சில்லைகள் குடியேறுவதும் அந்த ஆடியிலிருந்துதான். கிணற்றோரம் ஒரு பாதிக் கூடு தனியாக ஆடிக்கொண்டிருந்தால், அங்கே ஒருவன் கேட்டுவிட்டுக் காத்திருந்தான், பதில்தான் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.