துவரம்பூ வாய் திறந்த கதை

செடிகளும் வண்டுகளும் மனிதரோடு பேசித் திரிந்த அந்தக் காலத்தில், பயறு வகைப் பூக்கள் எல்லாம் இதழை இறுக மூடிக்கொண்டே காய்த்துவிடும். வெள்ளைத் துவரை விதைத்தால் வெள்ளைதான் விளையும். சிவப்பு விதைத்தால் சிவப்புதான்.

கரிசல் காட்டில் இரண்டு ஓரகத்திகள். மூத்தவள் வீராயி காட்டில் வெள்ளைத் துவரை, வரப்புக்கு இந்தப் பக்கம் இளையவள் சடைச்சி காட்டில் சிவப்பு. விதைப்புக் காலம் வந்தால் ஊரே வீராயி வாசலில் நிற்கும். சடைச்சியிடம் ஒருவரும் விதை கேட்டதில்லை.

"அக்கா, எனக்கும் ஒரு கை வெள்ளை விதை குடேன்."

"உனக்கும் குடுத்துட்டா அப்புறம் என் வாசலுக்கு யாருடி வருவா?"

சடைச்சிக்கு வயிறு எரிந்தது. வரப்பில் சுற்றிய வண்டைக் கூப்பிட்டாள். "அவ பூவுல உள்ள தூளை என் பூவுக்குக் கொண்டா. என் பூத்தூளை அவ பூவுல அப்பிட்டு வா."

"பூ வாயைத் திறந்தாத்தானே!" என்றது வண்டு.

சடைச்சி துவரம்பூவிடம் குனிந்தாள். "உளுந்தம்பூ வண்டுக்குத் தேன் குடுக்குதாமே? அதான் வண்டு உன்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது."

பச்சைப் பொய். துவரம்பூவுக்கு அது பொறுக்கவில்லை. படக்கென்று வாயைத் திறந்தது. அதைப் பார்த்து இரண்டு காட்டிலும் இருந்த பூவெல்லாம் திறந்தன. வண்டு உள்ளே புகுந்தது.

அந்த அறுவடையில் ஒன்றும் தெரியவில்லை. அதை விதைத்த மறுவருஷம் வீராயி காட்டில் வெள்ளைக்கு நடுவே சிவப்பு விளைந்தது. விதை கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சடைச்சி காடு பழையபடி சிவப்புதான். வேடிக்கை பார்க்கக் களத்துக்குப் போனாள். முறத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த வீராயி தலை நிமிராமல் கேட்டாள்:

"உன் காடு மட்டுந்தான் சுத்தமா இருக்கு. ஒரு கை விதை குடு, சடைச்சி."

சடைச்சிக்குத் திக்கென்றது. தன் சிவப்புக்குள்ளும் வண்டு கொண்டுவந்த வெள்ளை ஒளிந்திருப்பது அவளுக்குத்தானே தெரியும்! காட்டுக்கு ஓடினாள்.

"வாயை மூடிக்கோ தாயி, நான் சொன்னது பொய்!"

"பொய்யா இருந்தா என்ன? வண்டு வந்துச்சே. இனி மூட மாட்டேன்," என்றது பூ.

திரும்பி வந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். வீராயி முறத்தை விட்டெறிந்தாள். பிறகு எழுந்து, தானியக் குலுக்கையின் அடியில் கிடந்த, பூ வாய் திறப்பதற்கு முன்னால் விளைந்த பழைய விதையை மடியில் கட்டிக்கொண்டு வண்டு எட்டாத இடம் தேடி ஆற்றைத் தாண்டி நடந்தாள். கூடவே போன சடைச்சியை அவள் விரட்டவில்லை. ஆனால் மடியைத் தொட விடவுமில்லை.

அன்று முதல்தான் துவரம்பூ வண்டுக்கு வாய் திறக்கிறது, உளுந்தம்பூ மூடியபடியே காய்க்கிறது. விதைக்கென்று துவரை போடுகிறவர்களும் அடுத்தவர் துவரைக் காட்டை விட்டு வெகுதூரம் தள்ளிப் போய் விதைக்கிறார்கள்.