அதே கேள்வி

“நான் கேட்காம விட்டதே இல்லை, ஜமீலாம்மா. எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. கோர்ட்டு இதுக்கு மேல என்ன செய்ய முடியும்?”

பொன்னுலிங்கம் மாஜிஸ்ட்ரேட். போலீஸ் பிடித்தவர்களை முதலில் அவர் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

ஜமீலா பீவி ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. வயதில் ஜமீலா இரண்டு வருஷம் மூத்தவர் என்றாலும், இருவரும் சட்டக் கல்லூரியில் ஒரே வகுப்பு. ஆனாலும் மனசு குழம்பினால் பொன்னுலிங்கம் வந்து உட்காருகிற இடம் ஜமீலாவின் வீட்டுக் கூடம்தான். ‘என் குரு’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அதைக் கேட்டால் ஜமீலாவுக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி செண்பகமும் கூட வந்திருந்தார். கணவருக்குச் சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து, பலகாரம் இருக்கிற வீட்டுக்கு அவரைத் தனியாக அனுப்புவதில்லை.

“என்ன கேட்டீங்க, யாரைக் கேட்டீங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார் ஜமீலா.

பொன்னுலிங்கம் சொன்னார்.

மாசானம் என்று ஒருவன். ஊர்க் குளத்தில் கல்குவாரிக் கழிவைக் கொட்டாதே என்று அட்டையில் எழுதி, நடுரோட்டில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். செய்தது அவ்வளவுதான். நேற்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். சட்டம் சொன்னபடி, “போலீஸ்காரங்க அடிச்சாங்களாப்பா?” என்று இவர் கேட்டார்.

மாசானம் குனிந்து தன் கையைப் பார்த்தான். அந்தக் கையை ஒரு போலீஸ்காரர் விரலோடு விரல் கோத்துப் பிடித்திருந்தார். கைதியை அப்படிப் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் சிநேகிதர்கள் மாதிரி இருக்கும்.

“இல்லைங்கய்யா” என்றான்.

இவரும் அதை எழுதிக்கொண்டு சிறைக்கு அனுப்பிவிட்டார். ஆனால் படியிறங்கும்போது அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கியதைப் பார்த்தார். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

“விசாரிக்கணும், மறுபடி ஸ்டேஷனுக்குக் கொடுங்கன்னு மனு போட்டிருக்காங்க. நாளைக்கு அவனைக் கூட்டிட்டு வருவாங்க. நாளைக்கும் அவன் இல்லைன்னு சொன்னா, மறுக்கறதுக்கு என்கிட்ட காரணமே இல்லைம்மா. அங்கே போனா அவன் திரும்பி எப்படி வருவான்னு நினைச்சாலே பயமா இருக்கு.”

ஜமீலா எழுந்து போய் ஒரு தட்டு நிறையத் தம்ரூட் கொண்டுவந்தார். ரவையும் நெய்யும் சீனியும் பாலும் சேர்த்துச் சிவக்கச் சுட்டது. வாசனை வாசல்வரை போயிருக்கும்.

“ஒரு துண்டு சாப்பிடுறீங்களா?”

செண்பகத்தின் கை கணவரின் தோள்மேல் இருந்தது.

“வேண்டாம்மா.”

“ஆசையா இல்லையா?”

“சுத்தமா இல்லைம்மா” என்றார் பொன்னுலிங்கம், சத்தியம் செய்கிற முகத்தோடு.

தட்டு உள்ளே போய்விட்டது. பேச்சு மழையைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் போனது. கொஞ்ச நேரம் கழித்து, கொல்லையில் முருங்கைக்கீரை தளதளவென்று நிற்கிறது, வேண்டிய மட்டும் ஒடித்துக்கொள் என்று ஜமீலா செண்பகத்தை அனுப்பிவைத்தார்.

பிறகு அதே தட்டோடு வந்தார்.

“ஒரு துண்டு சாப்பிடுறீங்களா?”

பொன்னுலிங்கம் கொல்லைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். இருக்கிறதிலேயே பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டார்.

ஜமீலா சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி மென்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். அவர் கண் கலங்கியது.

“இத்தனை வருஷமா…” என்று ஆரம்பித்தார்.

“முழுங்குங்க. தொண்டையில சிக்கிக்கப் போகுது” என்றார் ஜமீலா, பரிவோடு.

கீரையோடு திரும்பிய செண்பகம் கணவரின் மீசையைப் பார்த்தார். முந்தானையால் துடைத்துவிட்டார்.

மறுநாள் மாசானத்தைத் தன் அறைக்கே கொண்டுவரச் சொன்னார் பொன்னுலிங்கம். விரலோடு விரல் கோத்து ஒரு போலீஸ்காரர் கூட்டிவந்தார்.

“கையை விட்டுட்டு நீங்க அந்த வராண்டா கடைசியில போய் நில்லுங்க.”

“தப்பிச்சுப் போயிட்டா யாருங்கய்யா பொறுப்பு?”

“நான்.”

போலீஸ்காரர் தயங்கித் தயங்கிப் போனார். பொன்னுலிங்கம் எழுந்து போய்க் கதவைத் தானே சாத்தினார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியை இழுத்து மாசானத்தின் பக்கத்தில் போட்டார். எதிரே இன்னொன்றைப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். மாசானத்துக்கு விடுபட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“உட்காருப்பா.”

அவன் நின்றான்.

மரியாதைக்காக நிற்கிறான் என்றுதான் பொன்னுலிங்கம் நினைத்தார். “இங்கே யாரும் இல்லை. சும்மா உட்காரு.”

மாசானம் சாத்திய கதவைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான்.

“உட்கார முடியாதுங்கய்யா.”

பொன்னுலிங்கம் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“சரிப்பா” என்றார். “நாம நின்னே பேசுவோம்.”