மரக்கா யாரு?

அறவாழி முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியராக இருந்தவர். ஊரே அவரைக் கும்பிடும். அவர் கும்பிட்டதோ செங்கமலத்தை. அவளுக்கு நாற்பது வயது. நூல் மில்லில் வேலை, மில் வாசலில் போராட்டப் பாட்டு. ஆறு மாதமாக அவளிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள வருகிறார். "குருவே" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும்.

ஆர்டர் இல்லை என்று பாதிப் பேரை மில் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதை எதிர்த்து நாளைக்கு மில் வாசலில் கூட்டம். முதல் பாட்டை அறவாழி தனியாகப் பாட வேண்டும். சிரித்துவிடுவார்களோ என்று இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"குருவே, மரக்காலுக்கு உள்ள அடியில பலகை வெச்சு ஆண்டை கூலி நெல்லைக் குறைச்சான்னு பாட்டு. நெல் அளக்கிற மரக்காலையே இந்தப் பசங்க கண்ணால பாத்ததில்ல. யாருக்குப் புரியும்?"

"வாங்க சார், பாடிப் பாத்துடலாம்."

மதியம் மில் கேண்டீனுக்கு அழைத்துப் போனாள். தட்டோடு வரிசையில் நின்றவர்கள் நடுவே அவரை நிறுத்திவிட்டு, ஒரு தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கூலி அளக்குற மரக்கா அடி உசந்துபோச்சே!
ஆண்டை வீட்டுக் குதிரு மட்டும் நெறஞ்சுபோச்சே!"

"மரக்கா யாருண்ணே, புது மேனேஜரா?" என்றான் ஒருத்தன். சிரிப்பு கிளம்பியது. அறவாழிக்கு முகம் செத்துப்போயிற்று.

உள்ளேயிருந்து கேண்டீன் காண்டிராக்டர் பொன்னம்பலம் பாய்ந்து வந்தார்.

"யோவ்! சாம்பார்க் கரண்டியை மாத்துனதை உங்கிட்ட எவன்யா சொன்னது? விலைவாசி ஏறிக்கிடக்கு, நான் என்ன செய்ய?"

எல்லார் கண்ணும் பரிமாறுகிறவன் கையிலிருந்த கரண்டி மேல். ஒருத்தன் எட்டி அதைப் பிடுங்கிப் பார்த்தான். புத்தம் புதுசு. பழைய கரண்டியில் பாதிகூட இல்லை.

"ஓகோ, இதுதான் மரக்காவா!" என்றான் முதலில் கேட்டவன். அவனே பாட்டை எடுத்துக் கொடுத்தான். கேண்டீன் மொத்தமும் தட்டைத் தட்டிக்கொண்டு சேர்ந்து பாடியது. பொன்னம்பலம் பழைய கரண்டியைத் தேடி உள்ளே ஓடினார்.

அறவாழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வந்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"குருவே, விஷயம் பிடிபட்டுப்போச்சு! நாளைக்கு மரக்காவை அடிச்சிட்டுக் கரண்டின்னே பாடிடறேன்."

"வேணாம் சார்," என்றாள் செங்கமலம். "கரண்டின்னு பாடினா, டம்ளரைச் சின்னதாக்கிடுவாங்க."