சொன்னதைக் கேட்கிற பண்டிதர்கள்

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் ஊரே எழுந்து நிற்கிற ஒரு தேசம் இருந்தது. சாப்பாட்டில் கைவைத்தவன், பாதி சவரத்தில் இருக்கிறவன், யாரானாலும் நிற்க வேண்டும். அந்த வருஷப் பனிக்காலத்தில் ராஜா மகிழ்மாறனுக்கு ஜலதோஷம் பிடித்தது. ஜனங்களுக்கு முழங்கால் பிடித்தது.

சபை இரண்டானது. வழக்கம் இருக்கட்டும் என்றவர்கள் பழவழியார். போதும், விட்டுவிடலாம் என்றவர்கள் புதுவழியார். சபையில் இரு தரப்பும் சமம். ஆனால் ராஜா சோறு போட்டு நடத்திய கல்விச்சாலையில் விசாரித்தால், பண்டிதர் அத்தனை பேரும் புதுவழி.

"என் சோற்றைத் தின்றுவிட்டு என் தும்மலுக்கு நிற்க மாட்டார்களாமா?" என்றார் ராஜா.

விகடகவி காளத்தியைக் கண்டாலே ஆகாத மந்திரி மானாவதரையர் இதற்குத்தான் காத்திருந்தார். "மகாராஜா, காளத்தி தினமும் அங்கே போய்ச் சிரிப்புக் காட்டுகிறான். அவன் கெடுத்த கூட்டம். அவனே சரிசெய்யட்டும்."

"காளத்தி! பௌர்ணமிக்குள் அங்கே பாதிப் பேர் பழவழியாராக இருக்க வேண்டும். அவர்கள் நான் சொன்னதைக் கேட்க வேண்டும். தவறினால் நீ தேசத்தை விட்டுப் போ."

"உத்தரவு. தாங்கள் சொன்னதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்!"

காளத்தி கல்விச்சாலையில் சேர்க்கப் பழவழி ஆள் தேடிப் புறப்பட்டான். நிலக்கிழார் சிரித்தார்: "இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது? அதைப் பற்றி உட்கார்ந்து படிக்க என்ன இருக்கிறது?" குதிரைப்படைத் தலைவர், "நான் வந்துவிட்டால் கொள்ளு யார் வைப்பது?" என்றார். தப்பித் தவறி வந்த இருவரைக் கல்விச்சாலைப் பண்டிதர்கள், "நாட்டில் இப்போது என்ன குறை?" என்று சோதித்தார்கள். "ஒன்றுமில்லை" என்றதும் தாம்பூலம் கொடுத்து வழியனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் காளத்தி மந்திரியிடமே போய், அவர் வீட்டில் சும்மா இருந்த பழவழி மைத்துனர் கூட்டத்தைக் கேட்டான். தன் ஆட்கள் உள்ளே நுழையட்டும் என்று அவரும் சந்தோஷமாக அனுப்பினார். ராஜ உத்தரவோடு வந்தவர்களைப் பண்டிதர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் கல்விச்சாலையில் ஒரு வழக்கம் உண்டு: காலையில் புதிதாக ஒரு கேள்வி கேட்டவருக்குத்தான் மத்தியானம் இலை போடுவார்கள். மைத்துனர்களோ சாப்பாட்டுப் பிரியர்கள்.

பௌர்ணமியன்று காலையில் ராஜா கல்விச்சாலைக்கு வந்தார், வந்ததும் தும்மினார். மைத்துனர்கள் சட்டென்று எழுந்தார்கள். மந்திரி மீசையைத் தடவினார்.

மூத்தவர் வாய் திறந்தார். "நிற்கிறோம் மகாராஜா. ஆனால் ஏன் நிற்கிறோம்?"

"ராணியம்மா தும்மினால் நிற்க வேண்டாமா?" என்றார் அடுத்தவர்.

"வாயை மூடும், மைத்துனரே!" என்று சீறினார் மந்திரி.

"மூடினால் இலை விழாதே, அத்தான்!"

ராஜாவின் கண் சிவந்தது. "காளத்தி! சொன்னதைக் கேட்க வேண்டும் என்றேனே?"

"கேட்கிறார்களே! தாங்கள் சொன்ன ஒன்றைக்கூட விடாமல் கேட்கிறார்கள்."

ராஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். காளத்தி தொடர்ந்தான்: "இருப்பதில் திருப்தியானவருக்கு வயலும் குதிரையும் இருக்கின்றன, இங்கே வர மாட்டார். வந்தால் உள்ளே இருப்பவர்கள் சேர்க்க மாட்டார்கள். சேர்ந்துவிட்டாலோ, கேட்காமல் சோறில்லை. இதில் நான் வேறு கெடுக்க வேண்டுமா, மகாராஜா?"

புதுவழிப் பண்டிதர்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள். காளத்தி அவர்கள் பக்கம் திரும்பினான். "ரொம்ப ஆட்டாதீர்கள், பெரியோர்களே! தும்மலைப் பற்றிக் கேட்டீர்கள், வானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நாம் எல்லோரும் எப்படி ஒரே மாதிரி நினைக்கிறோம் என்று ஒருவராவது கேட்டதுண்டா?"

ஆடிய தலைகள் பாதியில் நின்றன.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நின்றவர்களை உட்காரச் சொல்லி, கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் காளத்திக்குப் போட்டு, "நீ எங்கேயும் போகக் கூடாது" என்றார்.

பண்டிதர்கள் மட்டும் விடவில்லை. காளத்தி கேட்டதை ஆராயத் தங்களுக்குள்ளேயே ஒரு குழு அமைத்தார்கள். வெகுகாலம் கூடிப் பேசிய அந்தக் குழு, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.